கவனித்துக்கொள்பவர் பெயர்

"சனிக்கிழமையே வச்சுக்கலாம்" என்று கிருஷ்ணம்மா சொன்னபோது, அடுப்படியில் தட்டு கழுவிக்கொண்டிருந்த மருமகள் பிரேமலாவின் கை நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

யார் வயிற்றைக் கிழிக்கப் போகிறார்களோ அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் தாயும், மகன் சுகுமாறனும், மகள் ரூபினியும் உட்கார்ந்து தேதி குறித்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ரூபினிக்குப் பரிசம். மூவாரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இருபத்தைந்து பேர் பெக்கான் நானாஸில் இருக்கும் இந்த வீட்டுக்கு வருகிறார்கள். சம்பந்திக்குப் போடும் முதல் சாப்பாடு மருமகள் கையால் சமைத்ததாக இருக்க வேண்டும், கடையில் சொல்லி வரவழைத்தால் மரியாதை போய்விடும் என்பது அந்த வீட்டுச் சட்டம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சுகுமாறனுக்கோ இரண்டே நாள்தான் லீவு. பிரேமலாவின் குடலிறக்க ஆபரேஷனை இனியும் தள்ளிப்போடக் கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"காலையில போனா சாயந்தரம் வீட்டுல இருக்கலாம்னு நம்ம ரூபினிதானே சொல்றா. ஒரே லீவுல ரெண்டும் முடிஞ்சிடும்" என்றாள் கிருஷ்ணம்மா.

ரூபினிக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்கூடாயில் புதிதாகத் திறந்த பகல்நேர அறுவைச் சிகிச்சை மையத்தை, நோயாளியின் மனசுக்கு ஏற்றபடி அமைத்தவளே அவள்தான். அதற்காக எட்டு மாதம் நாயாய் அலைந்திருக்கிறாள். நாற்பது நோயாளிகளிடம் உட்கார்ந்து, எதற்குப் பயந்தீர்கள், எங்கே கூசினீர்கள் என்று கேட்டு எழுதினாள். தள்ளுகட்டிலில் தானே மல்லாந்து படுத்துப் பார்த்து, கண்ணைக் குத்திய விளக்குகளை இடம் மாற்றச் சொன்னாள். போர்வையைச் சூடாக்கிக் கொடுப்பதும், மயக்கம் தெளிந்து உட்காரும் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு ஜன்னல் வைத்ததும் அவள் யோசனைதான். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு என்ன நடக்கும் என்று அந்த நாற்பது பேரில் ஒருவரைக்கூட அவள் கேட்கவில்லை. வீடு என்றால் ஓய்வு என்றே நினைத்திருந்தாள். அவளுக்கு அது அப்படித்தானே இருந்தது!

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் பிளவுஸ் அளவு பார்க்கக் கிளம்பியபோது, அண்ணி ஸ்டூலில் ஏறி, பரணிலிருந்து பெரிய சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். உரித்த வெங்காயம் ஒரு வாளி நிறைய இருந்தது. ரூபினி நின்றுவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது என்ற விதியைக் கையேட்டில் அச்சடித்தவளே அவள்தானே.

"நாளான்னைக்கு இத யாரு அண்ணி தூக்குவா?"

"இதுவரைக்கும் யாரு தூக்குனா?" என்றாள் பிரேமலா. குரலில் கோபம்கூட இல்லை.

அண்ணிக்கு இளைய மகன் பிறந்தபோது, வயிற்றைக் கிழித்து எடுத்த பதினாலாம் நாள், ஈரத்துணி வாளியோடு அண்ணி மாடியேறியது ரூபினிக்கு ஞாபகம் வந்தது. குடல் பிதுங்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். அன்றைக்கு அந்த மாடியில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தவள் ரூபினி. ஆனாலும் தையல்காரி காத்திருப்பாளே என்று போய்விட்டாள்.

சனிக்கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆபரேஷன் முடிந்து ஜன்னலோர நாற்காலியில் கால் நீட்டிச் சாய்ந்திருந்தாள் பிரேமலா. அண்ணி கால் நீட்டி உட்கார்ந்து ரூபினி பார்த்தது அதுதான் முதல் தடவை. இஞ்சி டீயைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தாள்.

"நல்லாருக்கு ரூபினி. இங்க யாரும் கூப்பிட மாட்றாங்க."

நாலு மணிக்கு நர்ஸ் நாஸியா படிவத்தோடு வந்தாள். வலி, வாந்தி, தலைச்சுற்றல் எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. அதற்குப் பெயர் சொல்லாவிட்டால் வீட்டுக்கு விடமாட்டார்கள், பக்கத்து ஆஸ்பத்திரி வார்டில் ஓர் இரவு வைத்துக்கொள்வார்கள்.

"வீட்டுல உங்கள பாத்துக்கப் போறது யாருக்கா?"

"யாரும் இல்ல."

கார் சாவியை ஆட்டிக்கொண்டிருந்த சுகுமாறன் சிரித்துவிட்டான். மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று, தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னான்.

"தெளிஞ்சுதான் சொல்றேன்" என்றாள் பிரேமலா. "நாளைக்கு நீங்க பந்தல், நாற்காலின்னு ஓடுவீங்க. அத்தைக்குச் சமைக்க ஆள் வேணும். ரூபினிக்குப் பரிசம். இதுல என்னைப் பாத்துக்கறது யாரு? ஒரு தடவ கிழிஞ்சிடுச்சு. மறுபடி கிழிஞ்சா நான் எழுந்திருக்க மாட்டேன், எனக்குத் தெரியும்."

நாஸியா திகைத்துப்போய் ரூபினியைப் பார்த்தாள். "மேடம், உங்க பேரைப் போட்டுடட்டா?"

தலையாட்டினால் போதும். இருபத்தைந்து இலையும் விழும், அம்மா முகம் கோணாது, மாப்பிள்ளை வீட்டில் பெயர் கெடாது. அந்தக் கேள்வியை எழுதியபோது இப்படியும் ஒரு பதில் வரும் என்று ரூபினி நினைத்ததே இல்லை. நாஸியாவின் கையிலிருந்த பேனாவை வாங்கி, பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'யாருமில்லை' என்று எழுதினாள்.

"உனக்குப் பைத்தியமா?" என்றான் சுகுமாறன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அவன்தான் சொல்லியிருப்பான், ஐந்து நிமிடத்தில் கிருஷ்ணம்மா போனில் வந்தாள். நாளைக்கு வருகிறவர்களுக்கு யார் சமைப்பது என்று கேட்டாள். ஆபரேஷன் எப்படி நடந்தது என்று கேட்பாள் கேட்பாள் என ரூபினி காத்திருந்தாள். கேட்கவில்லை.

"மாப்பிள்ளையோட அம்மா காலையிலதான் பேசுனாங்க. இனிமே எங்க வீட்டு அடுப்படிக்கும் ஆள் வந்தாச்சுன்னு அவ்வளவு சந்தோஷம் அவங்களுக்கு. அவங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்மா. நானே பேசறேன். எனக்கு உடம்புக்கு முடியலன்னா அந்த வீட்டுல யாரு பாத்துக்குவாங்கன்னு கேக்கணும். பேரு சொன்னாங்கன்னா பரிசம்."

மருமகளாக வந்த முப்பத்தாறு வருடத்தில் கிருஷ்ணம்மாவுக்காகவும் யாரும் அப்படிக் கேட்டதில்லை.