கடிகாரக்காவின் வயிறு

வயிறு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் நாற்பது வயது வரை ஓட்டியவளுக்கு, இப்போது அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சட்டை தைக்கும் கம்பெனியில் இரண்டாம் வரிசைக்கு அவள் சூப்பர்வைசர். நிமிஷத்துக்கு ஒருதரம் கடிகாரத்தைப் பார்த்து விரட்டுவதால் முப்பது தையல்காரிகளும் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் கடிகாரம். நேரில் மட்டும் அக்கா.

எட்டு மாதமாக வலி. தொப்புளுக்குக் கீழே ஈரத்துணியைப் பிழிவது போல. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் படுக்கத் தோன்றும், படுத்தால் எழுந்து நடக்கத் தோன்றும். ஒரு டாக்டர் ஸ்கேன் எடுத்தார். இன்னொருவர் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். இரண்டு பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்றால் வலிக்கிறது எது, பக்கத்து வீட்டுக்காரி வயிறா?

சரி, நாமே கண்டுபிடிப்போம் என்று கிளம்பினாள். பாலை நிறுத்தினாள். பிறகு காரம், பிறகு காபி, பிறகு கோதுமை. நோட்டு ஒன்று போட்டு, வாயில் வைத்ததையெல்லாம் எழுதினாள்.

"இனி காத்துதான் பாக்கி. அதையும் நிறுத்திட்டா முடிஞ்சுது," என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு அவர் தட்டிலும் காரம் விழவில்லை.

கம்பெனி மேனேஜரோ கூப்பிட்டே சொல்லிவிட்டார். "மாடி முழுக்க உங்க பொறுப்புல விடலாம்னு இருக்கேன். ஆனா இந்த மாசத்துல மட்டும் நாலு அரைநாள் லீவு. இன்னொண்ணு எடுத்தீங்கன்னா அந்தப் பொறுப்பு நாலாம் வரிசை அம்மாவுக்குத்தான்."

பதினெட்டு வருஷம் மெஷினில் குனிந்து முதுகு வளைந்தவள். கைக்கு வந்த பதவியைப் பாழாய்ப்போன வயிற்றுக்காக விட மனசு வருமா? அதனால்தான் மூன்றாவது டாக்டரைக் காலை ஏழு மணிக்கே போய்ப் பார்த்தாள்.

டாக்டர் சின்னப் பெண். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாத்ரூம் போவீங்க?"

"காலைல ஒண்ணு. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ஒண்ணு."

"நடுவுல?"

"நடுவுல வேலை."

"தண்ணி?"

"குடிச்சா போகணுமே."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "பத்து மணி நேரம் அடக்குறீங்க, தண்ணியும் குடிக்கிறதில்ல. குடல் வேற என்ன பண்ணும்? மாத்திரை எழுதித் தரேன். ஆனா அது வலியை அமுக்கும், அவ்வளவுதான். வரும்போது போங்கம்மா."

வரும்போது போவதாம். பஸ்ஸில் வழி முழுக்க அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கம்பெனியில் நடப்பது இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? அவள் வரிசைக்கு ஒரே ஒரு மரக்கட்டை. அதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகலாம், நாலு நிமிஷத்தில் திருப்பித் தரவேண்டும். சூப்பர்வைசரான புதிதில் அவளே கொண்டுவந்த ஏற்பாடு. மற்ற வரிசைகளைவிட இரண்டாம் வரிசை தினம் நாற்பது சட்டை கூடுதலாகத் தைப்பது அதனால்தான். மேனேஜர் கண்ணில் அவள் பட்டதும் அதனால்தான். மற்றவர்களுக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டமா என்று அவள் மட்டும் அந்தக் கட்டையைத் தொட்டதே இல்லை. அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு.

மதியம் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் பிரித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த காலர் தைப்பவள் எட்டிப் பார்த்தாள்.

"இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும்க்கா. அப்புறம் போட்டா கேக்காது."

"உனக்கெப்படித் தெரியும்?"

காலர்க்காரி பையைத் திறந்து காட்டினாள். அதே அட்டை, பாதி காலி. பக்கத்தில் பட்டன் வைப்பவள் பையிலும் ஒன்று. சட்டைக் கை தைப்பவள் தன் டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்ததை அவசரமாக மறைத்தாள்.

"எத்தனை நாளா?"

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். காலர்க்காரிதான் வாயைத் திறந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. கட்டை வந்த வருஷத்துலேர்ந்து."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. எட்டு மாதமாக ஊரெல்லாம் தேடியது இங்கேயே, அவள் விரட்டிய முப்பது வயிற்றிலும் இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, அடக்கினாள். அடக்குவதுதான் கைவந்த கலையாயிற்றே.

மணி அடித்து மெஷின்கள் ஓடத் தொடங்கின. மேனேஜர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வரிசையின் நடுவில் வந்து நின்றாள்.

"இனிமே யாரும் என்கிட்ட கட்டை கேக்க வேண்டாம். போகணும்னா எழுந்து போங்க."

மெஷின்கள் நின்றன. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. யார் எழுந்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பெயர் குறிக்கப்போகிறாள் என்றே முப்பது பேரும் நினைத்தார்கள். பட்டன் வைப்பவள் குனிந்த தலை நிமிராமல், "எனக்கு வரலக்கா" என்றாள். பக்கத்திலிருந்தவளும் அதையே சொன்னாள்.

அவள் கண்ணாடி அறையைத் தாண்டி, மேனேஜர் பார்க்கப் பார்க்க, கழிப்பறையை நோக்கி நடந்தாள். கதவருகே போய்த்தான் திரும்பிப் பார்த்தாள். காலர்க்காரி மட்டும் எழுந்து நின்றிருந்தாள்.