சொல்லாத வாழ்த்து

நான்கே வருடங்களில் எங்கள் கால்பந்து அணியைக் கடைசி இடத்திலிருந்து தூக்கி நிறுத்திய பயிற்சியாளர், பெரிய கிளப் ஒன்றுக்குப் போகிறார் என்ற செய்தி மதியம் வந்தது. நான் பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் மைதான வாசலுக்கு ஓடினேன். அங்கே ஏற்கெனவே ஒரே கூச்சல். அவருடைய கார் வெளியே வந்ததும் அதன் கூரையில் ஓங்கித் தட்டினேன்.

"துரோகி! எங்களை அம்போன்னு விட்டுட்டுப் போறியே!"

கண்ணாடி இறங்கியது. ஆட்டம் தவறாமல் அவருடைய இருக்கைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து வீட்டுக் கதையெல்லாம் பேசுகிற என்னை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அண்ணே, அண்ணிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா?"

தலையை மட்டும் ஆட்டினேன். கார் நகர்ந்துவிட்டது.

வீட்டில் மனைவி கண்ணில் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"அவரைப் பாத்தீங்களா? என்ன சொன்னீங்க?"

"போற இடத்துல நல்லா இருங்கன்னு சொன்னேன்."

"நல்லவேளை! ஊரே அவரைக் கரிச்சுக் கொட்டுதாம். நீங்களாவது வாய் நிறைய வாழ்த்தி அனுப்புனீங்களே" என்று அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கெடுக்க இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.