சுந்தரமூர்த்தி பிடித்த பாரை

“நீ கடலைப் பாத்திருக்கியாம்மா?” என்று சுந்தரமூர்த்தி ஒருமுறை என்னைக் கேட்டார்.

இல்லையென்று தலையாட்டினேன்.

“அப்ப உனக்குச் சொன்னாலும் புரியாது” என்றார். அப்புறம், புரியாத எனக்கே அன்று மத்தியானம் முழுவதும் சொன்னார்.

பெங்களூர் நீலசந்திராவில் என் சித்தப்பா தியோடர் ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறார். கல்யாண மண்டபத்து யானை, துணிக்கடைப் பொம்மை, மால் வாசலில் நிற்கும் கிறிஸ்துமஸ் தாத்தா, எல்லாம் வார்த்துக் கொடுப்போம். பெயின்ட் அடிப்பது என் வேலை. பொம்மைகள் பேச்சுக் கொடுப்பதில்லை என்பதால் பள்ளிக்கூடத்தைவிட எனக்கு அது பிடித்திருந்தது.

சுந்தரமூர்த்தி மீன் செய்யச் சொல்லி வந்தவர். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏதோ கம்பெனியில் பெரிய பதவி. அந்தமானுக்குப் போய், படகெடுத்து, நடுக்கடலில் தூண்டில் போட்டு ஒரு பெரிய பாரை மீனைப் பிடித்தாராம். பிடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்பக் கடலிலேயே விட்டுவிட்டார்களாம். அதுதான் முறையாம். மீன் போய்விட்டதால் அதே மாதிரி ஒன்றை நாங்கள் செய்து அவர் வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும். பாரை என்று சித்தப்பா சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. “ஜிடி. ஜயன்ட் ட்ரெவல்லி” என்று திருத்தினார். எங்கள் சந்தில் ஞாயிற்றுக்கிழமை துண்டு போட்டு விற்கும்போது அதற்கு இவ்வளவு மரியாதை கிடையாது.

“லைன் அப்படியே ஓடுது. ரீல் கத்துது. தோள்பட்டை கழண்டுடும்போல வலி. கொஞ்சம் அசந்தா கீழ பாறைக்குள்ள பூந்துரும், லைன் அறுந்துரும். நான் விடல. அது ஒரு யுத்தம், தியோடர்.”

“யுத்தம்தான் சார்” என்றார் சித்தப்பா. ஆர்டர் கைக்கு வந்துவிட்டால் அவருக்கு வாடிக்கையாளர் சொல்வதெல்லாம் வேதவசனம்.

“இதுல ஒரு ரூல் இருக்கு. தூண்டில் கம்பை வேற ஒருத்தர் விரலால தொட்டாக்கூட அந்த மீன் நம்ம கணக்குல வராது. முழுசா நாமளே இழுக்கணும்.” இதைச் சொல்லும்போது அவர் குரல் ஜெபம் பண்ணுவதுபோல் தாழ்ந்தது.

போட்டோவைக் காட்டினார். படகின் தளத்தில் மண்டியிட்டு, இரண்டு கையிலும் மீனை ஏந்தியிருந்தார். மீன் திடமாக இருந்தது. அவர்தான் கரையில் தூக்கிப் போட்டதுபோல வாயைப் பிளந்துகொண்டு வெளுத்துக் கிடந்தார். களைப்பு என்று நினைத்தேன்.

“கேமராவுல சின்னதா விழுந்திருச்சு. ஒரு முழம் கூட்டிப் பண்ணுங்க” என்றார். அவர் மட்டும் கேமராவில் சரியான அளவில் விழுந்திருந்தார்.

மீனுக்குக் கீழே ஒரு பெயர்ப்பலகை. அதில் மீனின் பெயரைவிட அவர் பெயர் பெரிதாக வர வேண்டும். அதையும் நானே எழுதினேன்.

மீனுக்கு வெள்ளிப் பூச்சு கொடுத்துக்கொண்டிருந்த நாளில் அவர் மனைவி சுப்ரியா பட்டறைக்கு வந்தார். நிறம் சரியா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். சித்தப்பா சாமான் வாங்கப் போயிருந்தார். சுப்ரியா மீனைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தார்.

“என் மீன் இவ்வளவு பெருசு இல்லையே.”

நான் பிரஷ்ஷை நிறுத்தினேன். “உங்க மீனா?”

சுப்ரியா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அவர் படகுல ஏறுனதுல இருந்தே வாந்தி. வாளியைக் கட்டிப் பிடிச்சிட்டுப் படுத்திருந்தாரு. தூண்டில் சும்மா கிடந்துச்சு. எடுத்துக் கீழ இறக்கிப் பாத்தேன். இறக்கின உடனே ஒரு இழுப்பு பாரு, நானே கடல்ல விழுந்திருப்பேன்! போட்காரங்க ஓடி வந்து ஒரு பெல்ட்டை என் இடுப்புல கட்டுனாங்க. கம்போட அடி அந்தக் குழியில நிக்கணும், இல்லன்னா வயித்தைக் குத்திடும். மிச்ச வார் காத்துல அடிக்குதுன்னு டேப் போட்டுச் சுத்திட்டாங்க.”

“சார்?”

“பாதியில எழுந்து வந்து ‘குடு, குடு’ன்னாரு. குடுக்கல. குடுத்தா என் மீன் இல்லையே. அழுதுட்டே ரீலைச் சுத்துனேன், கிரேஸ். மேல தூக்கினப்ப எனக்குக் கை விறைச்சுப் போச்சு. போட்டோன்னதும் அவர் வாயைத் துடைச்சிட்டு வந்து மண்டி போட்டுட்டாரு.”

கடலைப் பார்த்தவர் கடலைவிட வாளியைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார்.

“ஏர்போர்ட்ல யாரோ கேட்டாங்க, நான் பிடிச்சேன்னாரு. விளையாட்டுக்குன்னு விட்டேன். அப்புறம் ஆபீஸ்ல சொன்னாரு. அப்புறம் எங்க அம்மாகிட்டயே சொன்னாரு, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்!” சுப்ரியா சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது. “நேத்து கேட்டேன். ஊர்ல என்ன வேணா சொல்லிக்கங்க, பலகையில மட்டும் என் பேரைப் போடுங்கன்னு. பாக்கலாம்னாரு. மாத்தச் சொல்லி போன் வந்துச்சா?”

வரவில்லை. பலகையை எடுத்துக் காட்டினேன். படித்தார்.

“இன்னும் நாள் இருக்கு. ஞாயித்துக்கிழமை விருந்துக்குள்ள மாத்திடுவாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அத்தனை பெரிய மீனை ஆழத்திலிருந்து இழுத்தவருக்குக் கணவன் வாயிலிருந்து ஒரு வார்த்தையை இழுக்கத் தெரியவில்லை. நானும் ஒன்றும் பெரிதில்லை. ‘நீங்களே சொல்லுங்களேன்’ என்று என் வாயில் வந்ததை விழுங்கிவிட்டுச் செதிலுக்குப் பெயின்ட் அடித்தவள்தான்.

போன் வரவில்லை. ஞாயிறு சாயங்காலம் மீனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். அடுக்குமாடி வீட்டு ஹாலில் மீனை மாட்டினார் சித்தப்பா. சுந்தரமூர்த்தி அதன்மேல் ஒரு பட்டுச் சால்வையைப் போர்த்தினார், விருந்தாளிகள் முன்னால் விலக்குவதற்கு. கடைசியில் எல்லோரும் கைதட்டும்போது பலகையை மீனுக்குக் கீழே திருகி மாட்ட வேண்டுமாம். அதுவரை அதை மடியில் வைத்துக்கொண்டு நான் செருப்பு அலமாரி ஓரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். சால்வை விலகியது. கைதட்டினார்கள். ரீல் கத்தியது, தோள் கழன்றது, பாறை வந்தது, ரூல் வந்தது. ரிச்சர்ட்ஸ் டவுன் க்ளென் என்று ஒருவர், கூட வேலை செய்பவர், சோபாவிலிருந்து கன்னடம் கலந்து குரல் கொடுத்தார்.

“சும்னே கதை சொல்லாத மச்சான். கேட்டுக் கேட்டு எனக்கே தோள் வலிக்குது. செஞ்சு காட்டு!”

சுந்தரமூர்த்தி அதற்காகவே காத்திருந்ததுபோல் உள்ளே போய், படகுக்காரர்களிடம் ஞாபகத்துக்கு வாங்கி வந்த தூண்டில் கம்பையும் பெல்ட்டையும் கொண்டுவந்தார். பெல்ட்டை வயிற்றில் வைத்து வாரைப் பின்னால் சுற்றினார். கொக்கி கொக்கியிடம் வந்து சேரவில்லை. நடுவில் ஒரு சாண் சட்டை தெரிந்தது.

“என்னடா, பிரியாணி ஜாஸ்தியா?” என்றார் க்ளென்.

“டைட்டா வச்சிருக்கானுங்க.” வாரைத் தளர்த்தப் பார்த்தார். கறுப்பு டேப் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. நகத்தால் பிறாண்டினார். பல்லால் கடித்தார். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்து மறுபடி முயன்றார். அவர் மீனோடு போராடியதைப் பார்க்கக் கொடுத்து வைக்காதவர்கள் எல்லோரும் அவர் பெல்ட்டோடு போராடியதைப் பார்த்தார்கள்.

“மச்சான், உன்னைக் கட்டிட்டு டேப் சுத்துனாங்களா, வேற யாரையாச்சுமா?” என்றார் க்ளென். எல்லோரும் சிரித்தார்கள்.

கபாப் தட்டோடு வந்த சுப்ரியா தட்டை மேஜையில் வைத்தார். கணவன் கையிலிருந்து பெல்ட்டை வாங்கித் தன் இடுப்பில் வைத்துச் சுற்றினார். கொக்கி டக்கென்று விழுந்தது. இடையில் ஒரு விரல்கூட நுழையாது.

க்ளென் சோபாவின் நுனிக்கு வந்தார்.

“சுப்ரியா, நீயா பிடிச்ச?” என்றார் க்ளென்.

சுப்ரியா கணவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ‘ஆமாம்’ போதும். சொல்வதற்கு நேரமும் தாராளமாக இருந்தது.

“அவளும் ஆசைப்பட்டா. கொஞ்ச நேரம் அவ கையிலயும் குடுத்தேன்” என்றார் சுந்தரமூர்த்தி.

“குடுத்தியா? வேற ஒருத்தர் தொட்டா கணக்குல வராதுன்னு இப்பதானேடா சொன்ன?”

சுந்தரமூர்த்தி ஒரு சிக்கன் கபாப்பை எடுத்துக் கடித்து, எலும்பைத் தட்டில் போட்டார். வாய் நிறைந்திருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை, பாருங்கள்.

“சார், பலகையை இப்பவே அடிச்சிரட்டுமா?” என்றார் சித்தப்பா, டிரில் மெஷினைத் தூக்கிப் பிடித்தபடி.

சுப்ரியா என்னிடம் வந்து கையை நீட்டினார். பலகையைக் கொடுத்தேன். சித்தப்பா என்னை முறைத்தார். முறைக்கட்டும். சுப்ரியா அதைக் கொண்டுபோய் கபாப் தட்டில், சுந்தரமூர்த்தி கடித்துப் போட்ட எலும்புக்குப் பக்கத்தில் வைத்தார். பெயர் மேலே தெரியும்படிதான் வைத்தார். அப்படியே வாசல் பக்கம் நடந்தார்.

“ஐஸ் வாங்கப் போறா” என்று சுந்தரமூர்த்தி விருந்தாளிகளிடம் சொன்னார். ஃபிரிட்ஜில் ஐஸ் நிறைய இருந்தது.

சுப்ரியா என் பக்கத்தில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். பெல்ட்டைக் கழற்றவில்லை. கதவைத் திறந்து, லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியிறங்கிப் போனார்.