இருபத்தோரு கிலோமீட்டர் வீரர்

என் வீட்டுக்காரர் சென்னிமலைக்கு ஐம்பத்தாறு வயதில் ஓட்டக் கிறுக்குப் பிடித்தது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஓடினால் சர்க்கரை இறங்கிவிடும் என்று எவனோ வீடியோவில் சொன்னானாம். மறுநாளே மாத்திரையைத் தூக்கி அலமாரி மேல் போட்டார். தென்னைக்குத் தண்ணீர் திருப்பக்கூட வண்டியில் போகிற மனுஷன், அரைக்கால் சட்டையோடு எங்கள் ஊர்ப் பெருமாட்டி வாய்க்கால் மேட்டில் ஓடினார். கள்ளு இறக்குகிறவர்கள் மரத்தின் மேலிருந்து சிரித்தார்கள். என் மானமே போயிற்று.

"மம்பட்டி புடிச்சா மட்டும் இடுப்பு வலிங்கறீங்க. ஓடுனா வலிக்காதுங்களா?"

"ஒரு வலி இல்ல புள்ள. காலு பஞ்சாட்ட இருக்குது."

பஞ்சாம், பெரிய பஞ்சு! கல்யாண வீட்டிலும் இதே பீற்றல், எழவு வீட்டிலும் இதே பீற்றல். முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த என் அண்ணனிடம், "மச்சான், ஓடியிருந்தா இந்தக் கதி வருமா?" என்றார். கோயமுத்தூரில் இருபத்தோரு கிலோமீட்டர் ஓடி, ஒரு தகர மெடலை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். சோறு தின்னும்போதும் அதைக் கழற்றவில்லை.

அவர் கழற்றிப் போட்ட காலுறையைத் துவைக்க எடுத்தேன். அடிப்பக்கம் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. ஷூவுக்குள் பார்த்தால், அடியைத் துளைத்துக்கொண்டு ஒரு வேலா முள். ஓடிப்போய் அவர் பாதத்தைத் திருப்பினேன். பொத்தல் விழுந்து, ஓரமெல்லாம் கறுத்துக் கிடந்தது. எத்தனை நாளாக இதோடு ஓடினாரோ!

"ஏனுங்க, இது வலிக்கலீங்களா?"

"சொன்னனல்லோ, எனக்கு வலியே வராது. காலு அப்படிப் பழகிப்போச்சு."

வாய்க்கு வந்தபடி திட்டி, பொள்ளாச்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கேயும் முதலில் மெடல் கதைதான். டாக்டர் புண்ணைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"சர்க்கரையால காலுல உணர்ச்சி போயிருக்கான்னு பாக்கணும். சுத்தமாப் போயிருந்தா இந்தக் காலக் காப்பாத்தறதே கஷ்டம்," என்றார். "கண்ண மூடிக்குங்க. நான் தொடறப்ப சொல்லுங்க."

இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். டாக்டர் பெருவிரலில் ஊசி முனையை வைத்து அழுத்தினார். குதிகாலில் அழுத்தினார். அடுத்த காலிலும் அதே மாதிரி. பத்து இடம் இருக்கும். இவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"ஏம் புள்ள, டாக்டரு இன்னும் ஆரம்பிக்கலியா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். திட்டித் திட்டியே பழகிய நான், இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் இல்லீங்க," என்றேன்.