இட்சியார் திரட்டிய இரண்டு நிதிகள்

பில்பாவோவில் ஒரு கப்பல் குடும்பத்தார் ஐந்து மில்லியன் யூரோ தருவதாகக் கையெழுத்திட்ட அதே நிமிடம் இட்சியார் ஒலைசோலாவின் இடது சுண்டுவிரல் மரத்துப்போனது. 2013 மார்ச், ஒரு திங்கட்கிழமை. புதிய தொழில்களில் முதலீடு செய்வதற்காக அவள் மாட்ரிட்டில் தொடங்கியிருந்த நிதிக்கு அதுதான் முதல் பணம். அந்த வருடங்களில் ஸ்பெயின் என்றாலே லண்டன் முதலீட்டாளர்கள் கிளம்ப நேரமானதுபோல் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். உள்ளூர் சேமிப்பு வங்கிகளோ ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. பதினான்கு மாதங்களில் நூற்றுப்பத்துப் பேரைப் பார்த்து நூற்றொன்பது பேர் இல்லை என்று சொல்லக் கேட்டவளுக்கு, ஒரு விரல் போனது பெரிதாகப் படவில்லை.

அவள் கணவன் ஃபெர்மின், சாம்பெரி பகுதியில் குழந்தைகளுக்குப் பல் பார்ப்பவன். ஊசியால் அந்த விரலைக் குத்தினான். அவள் கடிதம் படித்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. “மரத்துப்போக ஊசி போட்டு நான் காசு வாங்குறேன். உனக்கு அவங்களே காசும் குடுத்து மரக்கவும் வைக்கிறாங்க. குடுத்து வச்சவ” என்றான். நரம்பு மருத்துவர் எல்லாம் சரியாக இருப்பதாக எழுதிக்கொடுத்தார். ஜூனில் அரசு நிதி பன்னிரண்டு மில்லியன் தந்தது. இடது கை தோள்வரை உணர்வு போனது. வலென்சியாவின் ஓடு தயாரிப்பாளர் மூன்று தந்தார், முகம் போனது. தொகைக்கும் இடத்துக்கும் கணக்கு எதுவும் பொருந்தவில்லை. அக்டோபரில் ஒரு காப்பீட்டு நிறுவனம் பதினான்கு போட்டதும் வலது உள்ளங்கை தவிர மற்றதெல்லாம் போய்விட்டது. நடக்க, எழுத, கைகுலுக்க எந்தத் தடையும் இல்லை.

அந்த மாதம்தான் லெயாண்ட்ரோ கிரோகாவோடு சாப்பிடப் போனாள். 2007இல் பெரிய நிதி ஒன்றைத் திரட்டியவர். கணவாய் மீனை வெட்டிய கத்தி அவர் விரலிலும் இறங்கியது. அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

“உங்களுக்குமா?”

“எனக்கு நாலே மாசத்துல முழுசும் போச்சும்மா. அப்பல்லாம் பணம் கொட்டுச்சு. உனக்கு மெதுவா போகுது, பழகிக்க நேரம் இருக்கு.”

“திரும்பி வருமா?”

“பணம் வரும்” என்று சொல்லிவிட்டு விரலில் துணியைச் சுற்றிக்கொண்டார்.

டிசம்பர் முடிவதற்குள் நாற்பது மில்லியன் சேராவிட்டால் அதுவரை கிடைத்த வாக்குறுதிகள் அத்தனையும் செல்லாது. சேர்ந்திருந்தது முப்பத்து நான்கு. சரகோசாவில் தண்ணீர் மீட்டர் செய்யும் பட்டறையின் பத்தொன்பது பேர் அவளுடைய பணத்தை நம்பி இரண்டு மாதமாகச் சம்பளமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு டச்சு ஓய்வூதிய நிதி ஆறு தருவதாகச் சொன்னது. கையெழுத்தன்று காலை, ஃபெர்மின் சவரம் செய்யாத கன்னத்தை அவள் வலது உள்ளங்கையில் வைத்தான்.

“முள்ளு மாதிரி குத்துது.”

“அதை ஞாபகம் வச்சுக்கோ.”

பதினொரு மணிக்குக் கையெழுத்தானது. பார்க்க வந்திருந்த சரகோசாக்காரர்கள் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்; தட்டுகிறோம் என்பது சத்தத்தில்தான் தெரிந்தது.

அதன்பிறகு வெளிநாட்டுப் பணம் ஸ்பெயினுக்குத் திரும்பியது. பட்டறையில் முந்நூறு பேர் ஆனார்கள். 2021இல், முன்பு இல்லை என்றவர்கள் அவள் அலுவலக நடையில் காத்து நின்றார்கள். மறு வருடம் நூற்றிருபது மில்லியனுக்கு இரண்டாம் நிதியைத் தொடங்கினாள். இனிப் போவதற்குத் தன்னிடம் எதுவும் இல்லை என்ற தைரியம். முதல் முதலீட்டாளர் கையெழுத்திட்டபோது, சாம்பெரியில் ஒரு சிறுமியின் கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டிருந்த ஃபெர்மினின் வலது கட்டைவிரல் போனது. சிறுமியை இன்னொரு மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு மனைவியை அழைத்தான்.

“எவ்வளவு?”

“இருபது.”

“நல்ல விலைதான்.”

அவளுக்குப் புரிய சற்று நேரம் ஆனது. “நிறுத்திடட்டுமா?”

“எத்தனை கம்பெனிக்கு வாக்கு குடுத்திருக்க?”

“ஆறு.” பிறகு சொன்னாள்: “அழணும்னு நினைக்கிறேன் ஃபெர்மின். வரல.”

“தெரியும். கையெழுத்தை வாங்கு.”

வட்டி ஏறிப் பணவரவு மந்தமானதால் அவன் உடல் முழுவதும் மரத்துப்போக இரண்டு வருடம் பிடித்தது. பல் மருத்துவமனையை விற்றுவிட்டான். இப்போது ஜனவரிக் குளிரிலும் இருவரும் மேல்கோட்டு இல்லாமல் ஒலாவிதே சதுக்கத்தில் வெளி மேசையில் உட்காருகிறார்கள். காப்பி கொண்டுவருபவர் கோப்பைகளை வைத்து, “சூடா இருக்கு, ஊதிக் குடிங்க” என்பார். இருவரும் ஊதிக் குடிக்கிறார்கள்.