சனிக்கிழமைக்குத் தாங்கும் இணையப் பெட்டி

வக்கிசோ ஊரில், லுத்தாயா வீட்டுக் கூடத்தில் அந்தத் திங்கட்கிழமை இருந்தவர்கள் ஐந்து பேர்: வீட்டுக்காரர் லுத்தாயா, அவர் மனைவி தெரேசா, மணப்பெண்ணான இளைய மகள் நான்சிகொம்பி, மூத்த மருமகள் ஸால்வாங்கோ, கூப்பிடாமலே வந்த பக்கத்து வீட்டுக் கிபேரு. மேசைமேல் மூன்று கம்பெனிகள் மூன்று வாரம் முன்பு சோதித்துப் பார்க்கக் கொடுத்த கம்பியில்லா இணையப் பெட்டிகள் இருந்தன. ஒன்று உயரம், ஒன்று சப்பை, ஒன்று உருண்டை.

அடுத்த வாரச் சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வருகிறார்கள். கூட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையைப் பெண்ணின் அத்தை அடையாளம் காட்டினால்தான் பெண் கொடுத்ததாக அர்த்தம். அந்த அத்தை, லுத்தாயாவின் தங்கை நபுக்கீரா, லண்டனில் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தாள். திரையில்தான் வர முடியும். பாதிப் பேச்சில் அவள் முகம் வாய் பிளந்தபடி நின்றுவிட்டால், மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறைக்குச் சிரிப்பார்.

"உயரமானதுதான்," என்றார். "மாசம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஷில்லிங். நம்ம வீட்டுக்கு அதுதான் தகும். வேகம் அறுபது. என் கண் முன்னால காட்டினான்."

"நானும் அதையே வாங்கிட்டேன்," என்றார் கிபேரு. "என் மகளுக்கும் அதே சனிக்கிழமைதானே. சும்மா தண்ணி மாதிரி ஓடுது."

ஸால்வாங்கோ மருமகள்களின் வழக்கப்படி மண்டியிட்டு, தலை நிமிராமல் கேட்டாள்: "கம்பெனிக்காரர் எப்ப வந்து காட்டினார் மாமா?"

"ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி. கால் வீங்கியிருந்துச்சு, நான் கோயிலுக்குப் போகல."

"ஊரே கோயில்ல இருக்கிற நேரம். காலி ரோட்டுல குப்பை லாரிகூடப் பறக்கும் மாமா."

கிபேரு சிரித்தார். லுத்தாயா சிரிக்கவில்லை.

அந்த வீட்டில் மருமகள் மாமனார் கையில் எதையும் நேராகக் கொடுப்பதில்லை. ஸால்வாங்கோ ஒரு பள்ளிக்கூட நோட்டைப் பாயில் வைத்தாள். தெரேசா எடுத்துக் கணவரிடம் கொடுத்தாள்.

அவள் எழுதிய மூன்று வாரக் கணக்கு. மூன்று பெட்டிகளுக்கும் ஒரே நேரம், ஒரே சோதனை. உயரமானது வார நாட்களில் அறுபது. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் வெறும் மூன்று. அந்த மலைச்சரிவில் சனிக்கிழமைதோறும் நாலு பந்தல். நாலிலும் கடல் கடந்த சொந்தங்கள், அதே கம்பெனி வழியாகத் திரையில். சப்பையானது மாதம் அறுபதாயிரம். தூறல் விழுந்தால் காணாமல் போய்விடுகிறது. உருண்டை தொண்ணூறாயிரம். அதன் வேகம் ஒரு நாளும் பன்னிரண்டைத் தாண்டவில்லை. எந்தச் சனிக்கிழமையும் ஒன்பதுக்குக் கீழே இறங்கவுமில்லை.

"அத்தை முகம் தெளிவாத் தெரிய நாலு போதும்," என்றாள் ஸால்வாங்கோ. "மிச்சமெல்லாம் பெருமைக்கு."

லுத்தாயா முப்பது வருடம் பள்ளி ஆய்வாளராக இருந்தவர். பொய்க் கணக்கை மோப்பத்திலேயே பிடிப்பார். ஒரு புதன்கிழமைக்கு நேரே, 'தூங்கிவிட்டேன், பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தது. அவர் அந்த வரியில் விரலை வைத்தார். பிறகு மனைவியிடம் சொன்னார்:

"தெரேசா, இந்தப் பொண்ணுக்கு அன்னைக்கு நாம பரிசமாக் கொடுத்த மாடு பத்தாது."

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கரண்டு போனது. ஸால்வாங்கோ உருண்டைப் பெட்டியை முன்பே பேட்டரியில் மாட்டியிருந்தாள். அத்தை தெரியும் டேப்லெட்டை ஏந்திக்கொண்டு, வெள்ளை அங்கிமேல் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் வரிசையில் ஒவ்வொரு முகமாக நடந்தாள்.

"இவன் இல்ல, இவன் கோட்டு இரவல்," என்றாள் அத்தை. "இவரும் இல்ல, இவருக்குப் பேரன் இருக்கான்."

பந்தல் அதிர்ந்தது. பேச்சாளர் இடையில் புகுந்து, "அத்தை, நான் எத்தனை விரல் காட்டறேன்?" என்றார்.

"மூணு. ஒண்ணுலயும் மோதிரம் காணோம். உனக்கு எவளும் கிடைக்கலையா?"

அவர் உட்கார்ந்துவிட்டார். ஏழாவது ஆளிடம் அத்தை, "இதோ என் புள்ள," என்றாள். நான்சிகொம்பி ஓடிவந்து அவன் நெஞ்சில் பூ குத்தினாள். நாற்பது நிமிடமும் தங்கையின் உதட்டையே பார்த்திருந்த லுத்தாயா, அப்போதுதான் மருமகளைப் பார்த்தார். அவள் அத்தைக்குப் பூ குத்துவது தெரியும்படி டேப்லெட்டைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

கிபேரு வீட்டுப் பந்தலில், டொரண்டோவில் இருக்கும் அவர் தம்பி திரையில் வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்து, ஆரம்பித்த இடத்திலேயே நின்றுபோனாராம்.

லுத்தாயா வீட்டில் அத்தை பேசியது முந்தின நாளே எடுத்து வைத்த படம் என்று அந்தப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. நபுக்கீரா அன்று, அந்த நேரத்தில்தான் பேசினாள்.