ஈப்பிடிச் செடி எங்கே தூங்கும்?

நெதர்லாந்தில், எங்கள் குரோனிங்கன் ஊரில் விருந்தாளிக்குக் காபியோடு ஒரு பிஸ்கட். ஒன்றேதான். கொடுத்ததும் டப்பாவை மூடிவிடுவோம். இரண்டாவது தடவை டப்பா திறந்தால் அது சும்மா திறக்காது, வந்தவர் மனசுக்கு வேண்டியவர் என்று அர்த்தம். வுப்போவுக்கு அதைத் திறப்பேனா மாட்டேனா என்று ஒரு மாதமாக எனக்கும் எனக்கும் சண்டை.

வுப்போ எங்கள் பூச்சி தின்னும் செடி வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர். அறுபது வயது, தனி ஆள். வாரத்துக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். செப்டம்பர் கூட்டத்தில் என் கையில் ஒரு சின்னத் தொட்டியைத் திணித்து, வளர்த்துப் பாருங்கள் அலைடா என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். ஈப்பிடிச் செடி. ஈ வந்து உட்கார்ந்தால் இலை வாயைப் போல் மூடிக்கொள்ளுமே, அதுதான். விவாகரத்தாகிப் பதினோரு வருஷத்தில் எனக்கு ஒருத்தரும் ஒரு கள்ளிச் செடிகூடக் கொடுத்ததில்லை. ஆடிப்போய்விட்டேன்.

விடுவேனா? மகன் விட்டுப்போன மீன்தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். மணலை ஏழு தண்ணீரில் அலசி, உரம் ஒரு சிட்டிகைகூடப் படாத பீட் என்கிற சதுப்பு மண்ணோடு பிசைந்தேன். இந்தச் செடிகளுக்கு உரம்தான் விஷம். குழாய்த் தண்ணீரும் ஆகாது, மழைநீர்தான் வேண்டும். நாலாவது மாடி ஜன்னலுக்கு வெளியே வாளியைக் கட்டித் தொங்கவிட்டு, கீழ்வீட்டுக்காரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் மேலே பாசியைப் பரப்பி, விளக்கு மாட்டி, நட்டநடுவில் அவர் கொடுத்த செடியை வைத்தேன். நவம்பர் ஞாயிறு ஒன்றில் அவரைக் காபிக்குக் கூப்பிட்டேன்.

வந்தார். பிஸ்கட்டைத் தின்றார். தொட்டிக் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து ஐந்து நிமிஷம் பார்த்தார். மண் கலவை பிரமாதம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆனா இந்தச் செடி இங்க இருக்கக் கூடாது," என்றார் அடுத்த மூச்சில். "குளிர்காலத்துல இது தூங்கணும். இந்தச் சூட்டுல, வெளிச்சத்துல முழிச்சே கெடந்தா செத்துப்போயிடும். என் தோட்டத்துக் கொட்டகைல குளிரா இருக்கும். நான் எடுத்துட்டுப் போறேன்."

சுருக்கென்றது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அவரை இந்த வீட்டுக்கு வரவழைக்க எனக்கிருந்த ஒரே சாக்கு அந்தச் செடிதான். அதுவும் போனால் அவரும் போன மாதிரிதான். மூடியிருந்த பிஸ்கட் டப்பாவின் மூடியை இன்னும் இறுக்கி அழுத்தினேன். கோபம் வந்தால் எனக்கு ஞாபகசக்தி கூடிவிடும்.

"வேரைப் பாசில சுத்தி ஃப்ரிட்ஜுல வெச்சாலும் தூங்குமாமே? சங்கப் பத்திரிகைல படிச்சேன். எழுதுனதே நீங்கதான்."

அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன. பாவம், செடி விஷயத்தில் அவருக்குப் பொய் வராது.

"தூங்கும்," என்றார். "நல்லாவே தூங்கும்."

அப்புறம் எதற்குக் கொட்டகை என்று விடாமல் கேட்டேன். காலிக் கோப்பையைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன்.

"ஃப்ரிட்ஜுல இருந்தா நீங்க கதவைத் தெறந்து பாத்துக்குவீங்க. கொட்டகைல இருந்தா, அதைப் பாக்க நீங்க என் வீட்டுக்கு வரணும்ல?"

ஒரு மாதத்துக்கான வார்த்தைகளை ஒரே மூச்சில் செலவழித்துவிட்டு மேஜையைப் பார்த்தபடி இருந்தார். மூடிய டப்பாவைத் திறந்து அவர் பக்கம் தள்ளினேன்.

"கொட்டகைக்கே கொண்டு போங்க," என்றேன். "என் ஃப்ரிட்ஜுல எள்ளு போடக்கூட எடமில்ல."

ஃப்ரிட்ஜுக்குள்ளே இருந்தது அரைத்துண்டு பாலாடைக்கட்டியும் ஒரு கடுகுச் சட்னி பாட்டிலும்தான். காபிக்குப் பால் எடுக்கத் திறந்தபோது அவரும் பார்த்திருந்தார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.